மாற்கு நற்செய்தி: ஆசிரியர் சிக்கலும் நூல் நோக்கமும்

முன்னுரை

புதிய ஏற்பாட்டில் இடம்பெறும் நான்கு நற்செய்தி நூல்களுள் அளவிற் சிறியது மாற்கு நற்செய்தியாகும். பதினாறு அதிகாரங்களையும் கிரேக்க மூலத்தில் ஏறத்தாழ 11,000 சொற்களையும் உடைய இந்நூல், நெடுங்காலம் மத்தேயு நற்செய்தியின் சுருக்கமாகவே மதிக்கப்பட்டு வந்தது. கி.பி. 400 அளவில் புனித அகுஸ்தினார், நற்செய்தியாளர்களின் ஒத்திசைவு பற்றி எழுதிய நூலில் இக்கருத்தை வெளியிட்டார். அவருக்குப் பின்வந்தோர் அதனை வழிமொழிந்தனர். சுருக்கத்திற்கு உரை வேண்டுவதில்லை என்னும் எண்ணத்தால் இந்நூலுக்கு விரிவான பழைய உரைகளும் மிகுதியாகத் தோன்றவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்நிலை மாறியது. கார்ல் லாக்மன் (1835), வில்க்கே, வைசே (1838), ஹோல்ட்ஸ்மன் (1863) முதலிய செருமானிய அறிஞர்களின் ஒப்பாய்வுகள், மாற்கே காலத்தால் முந்தியது என்னும் முடிவுக்கு வழிவகுத்தன. மாற்கின் செய்திகளுள் ஏறத்தாழ 90 விழுக்காடு மத்தேயுவிலும், பாதிக்கு மேற்பட்டவை லூக்காவிலும் காணப்பெறுகின்றன. ஆகவே மாற்கைப் பற்றிய வினா, நற்செய்தி என்னும் இலக்கிய வகையின் தோற்றம் பற்றிய வினாவாகவும் அமைந்துவிடுகிறது. இந்நூலை இயற்றியவர் யார், யாருக்காக, எதன்பொருட்டு இயற்றினார் என்பனவற்றைப் புறச்சான்று, அகச்சான்று ஆகிய இரண்டின் துணைகொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பாயிரமில்லா நூல்

ஆக்கியோன் பெயர், கேட்போர், பயன் முதலியவற்றைப் பாயிரம் உணர்த்த வேண்டும் என்பது தமிழிலக்கண மரபு. இம்மரபறிந்தோர்க்கு லூக்கா நற்செய்தியின் தொடக்கம் புதிதாகத் தோன்றாது. தமக்கு முன் பலர் எழுதியுள்ளமை, தாம் செய்திகளை ஆய்ந்து வரிசைப்படுத்தியமை, தியோபில் என்பவருக்கு நூலை உரித்தாக்குவது, அவர் அடைய வேண்டிய பயன் ஆகியவற்றை லூக்கா நான்கு வசனங்களில் கூறிவிடுகிறார். எனினும் அவரும் தம் பெயரைச் சொல்லவில்லை. மாற்கு நற்செய்தியிலோ பெயரும் இல்லை, கேட்போரும் இல்லை, பயனும் இல்லை. இயேசு கிறிஸ்துவின் நற்செய்தியின் தொடக்கம் என்று கூறி நூல் நேரே பொருளுக்குள் நுழைந்துவிடுகிறது.

'மாற்கின்படி' என்னும் தலைப்பு நூலாசிரியரால் இடப்பட்டதன்று என்பது ஆய்வாளர் பலரும் ஏற்கும் கருத்து. ஒருவர் தம் நூலுக்குத் தாமே இவ்வாறு தலைப்பிடுதல் அரிது. பல நற்செய்திகள் வழக்கில் வந்தபின்னரே 'இன்னாரின்படி' என வேறுபடுத்தும் தேவை எழும். இத்தலைப்புகள் இரண்டாம் நூற்றாண்டில் அமைந்தன என்பர் ஒருசாரார். மார்ட்டின் ஹெங்கல், நூல்கள் ஒரு சபையிலிருந்து மற்றொரு சபைக்குச் சென்ற தொடக்கக் காலத்திலேயே அவை தேவைப்பட்டிருக்கும் என்றும், வேறு பெயர்கள் போட்டியிடாமை தலைப்பின் பழைமைக்குச் சான்று என்றும் வாதிட்டார். சங்கப் பாடல்களின் அடிக்குறிப்புகள் தரும் புலவர் பெயர்களை எவ்வாறு நூலின் உறுப்பாகக் கொள்ளாது தொகுப்பு மரபின் சான்றாகக் கொள்கிறோமோ, அவ்வாறே இத்தலைப்பையும் மதிப்பிடுதல் பொருந்தும்.

பாப்பியாசின் கூற்று

மாற்கு என்பாரை நூலாசிரியராகக் குறிக்கும் மிகப் பழைய சான்று, பிரிகியா நாட்டு ஏராப்பொலி நகர ஆயராகிய பாப்பியாஸ் தருவதாகும். இரண்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவர் ஐந்து பகுதிகளாக எழுதிய நூல் இன்று கிடைக்கவில்லை. நான்காம் நூற்றாண்டினராகிய யூசேபியஸ் தம் திருச்சபை வரலாற்றில் எடுத்தாண்ட பகுதிகளே எஞ்சியுள்ளன. மூப்பர் ஒருவர் கூறியதாகப் பாப்பியாஸ் தரும் செய்தி பின்வரும் கூறுகளை உடையது: மாற்கு பேதுருவின் மொழிபெயர்ப்பாளர், அவர் இயேசுவை நேரில் கேட்டவரல்லர், பேதுரு தேவைக்கேற்பப் போதித்தவற்றை நினைவில் வைத்துத் துல்லியமாக எழுதினார், ஆயின் வரிசைப்படி எழுதவில்லை.

இக்கூற்றை ஆராயுங்கால் இரண்டு உண்மைகள் புலப்படுகின்றன. முதலாவது, இது நடுநிலையான செய்திக்குறிப்பு அன்று, ஒரு மறுமொழி. மாற்கின் நூல் வரிசைக் குறைபாடுடையது என்னும் குறை அக்காலத்திலேயே எழுந்திருத்தல் வேண்டும். அதற்கு விடையாகவே நினைவின் துல்லியமும் பேதுருவின் தொடர்பும் வலியுறுத்தப்படுகின்றன. இரண்டாவது, சான்று பல கைகளைக் கடந்து வந்துள்ளது. மூப்பர் பாப்பியாசிடம் கூறினார், பாப்பியாஸ் எழுதினார், யூசேபியஸ் இரு நூற்றாண்டுகளுக்குப் பின் எடுத்தாண்டார். பாப்பியாசின் அறிவுத்திறனை யூசேபியசே குறைத்து மதிப்பிட்டுள்ளமையும் நோக்கத்தக்கது.

பின்வந்த சான்றுகள் தம்முள் முரண்படுகின்றன. ஏறத்தாழ 180-இல் எழுதிய இரேனேயஸ், பேதுருவும் பவுலும் மறைந்தபின் மாற்கு எழுதினார் எனக் குறிக்கிறார். அலெக்சாந்திரியாவின் கிளமெந்தோ பேதுரு உயிரோடிருக்கும்போதே நூல் எழுதப்பட்டதாகவும், அவர் அதனைத் தடுக்கவுமில்லை ஊக்கவுமில்லை எனவும் கூறியதாக யூசேபியஸ் வழி அறிகிறோம். இவ்விருவரும் பாப்பியாசை அறிந்திருக்கக்கூடும் ஆதலின், இவற்றைத் தனித்தனிச் சான்றுகளாக எண்ணிக் கூட்டுதல் ஆய்வு நெறியாகாது.

மாற்கு என்னும் பெயர்

திருத்தூதர் பணிகள் நூலில் யோவான் மாற்கு என்பவர் இடம்பெறுகிறார். சிறையிலிருந்து விடுபட்ட பேதுரு இவருடைய தாய் மரியாவின் எருசலேம் இல்லத்திற்கே செல்கிறார் (12:12). பவுலுடனும் பர்னபாவுடனும் பயணம் புறப்பட்ட இவர் இடைவழியில் பிரிந்து எருசலேம் திரும்பினார் (13:13). இவரை மீண்டும் உடன் அழைத்துச் செல்வது பற்றிப் பவுலுக்கும் பர்னபாவுக்கும் கருத்து வேறுபாடு எழுந்து இருவரும் பிரிந்தனர் (15:37-39). கொலோசையர் திருமுகம் பர்னபாவின் உறவினராகிய மாற்கைக் குறிக்கிறது. பேதுருவின் முதல் திருமுகம் 'என் மகன் மாற்கு' என ஒருவரைச் சுட்டுகிறது (5:13). அங்குக் கூறப்படும் பாபிலோன் உரோமையைக் குறிக்கும் மறைபெயர் என்பர்.

இக்குறிப்புகள் யாவும் ஒரே மனிதரைச் சுட்டுவன என்றும், அவரே நற்செய்தியாசிரியர் என்றும் மரபு கொண்டது. எனினும் மார்க்குஸ் என்பது உரோமைப் பேரரசில் மிகப் பரவலாக வழங்கிய பெயர்களுள் ஒன்றாகும். பெயரொற்றுமை ஒன்றையே கொண்டு மனிதரை ஒன்றாக்குதல் இயலாது. கெத்சமனியில் ஆடையை விட்டு ஓடிய இளைஞர் (மாற்கு 14:51-52) நூலாசிரியரே என்னும் கருத்தும் ஊகமேயன்றிச் சான்றுடையதன்று.

மறுபுறம், மரபை முற்றிலும் ஒதுக்குவோர் விடைகூற வேண்டிய வினா ஒன்றுண்டு. பெருமை சேர்க்கும்பொருட்டு ஒரு பெயர் புனையப்பட்டதெனின், திருத்தூதர் ஒருவரின் பெயரை விடுத்து, பன்னிருவருள் ஒருவரல்லாத மாற்கின் பெயரைத் தேர்ந்தது ஏன்? பேதுருவின் பெயராலேயே நற்செய்தி ஒன்று இரண்டாம் நூற்றாண்டில் எழுந்தது. அந்தியோக்கியா ஆயர் செராப்பியோன் அதனை ஆராய்ந்து விலக்கினார் என்பது வரலாறு. அவ்வாறு செய்யக்கூடிய சூழலில் மாற்கின் பெயர் நிலைத்தமைக்கு, அப்பெயருடைய ஒருவர் உண்மையிலேயே நூலை எழுதினார் என்பதே எளிய விளக்கமாகும். மாற்கு என்னும் பெயர் மெய்யாதல் வேறு. அம்மாற்கு பேதுருவின் மொழிபெயர்ப்பாளர் என்பது வேறு. முன்னதற்குள்ள வலிமை பின்னதற்கு இல்லை.

அகச்சான்றுகள்

நூலின் மொழி அதன் ஆசிரியரையும் கேட்போரையும் ஓரளவு காட்டிக்கொடுக்கிறது. 'உம்' என்னும் பொருளுடைய இணைப்புச் சொல்லால் தொடர்களை அடுக்கிச் செல்லும் எளிய கிரேக்க நடை, கடந்த நிகழ்ச்சிகளை நிகழ்கால வினையாற் கூறும் வழக்கம், 'உடனே' என்னும் சொல் நாற்பது முறைக்கு மேல் வருதல் ஆகியன வாய்மொழிக் கதைகூறலின் சாயலை உடையன. 'தலித்தா கூம்' (5:41), 'எப்பத்தா' (7:34), 'அப்பா' (14:36) முதலிய அரமேயச் சொற்கள் மூலவடிவிலேயே தரப்பட்டு உடனுக்குடன் பொருள் கூறப்படுகின்றன. யூதர் கைகழுவும் வழக்கம் விளக்கப்படுகிறது (7:3-4). ஆகவே கேட்போருட் பலர் அரமேயம் அறியாதோர், யூத வழக்கம் அறியாதோர் என்பது தெளிவு.

இலத்தீன் சொற்களும் மிகுந்துள்ளன. படைப்பிரிவைக் குறிக்கும் 'லெகியோன்', காவலனைக் குறிக்கும் 'ஸ்பெகுலாத்தோர்', ஆளுநர் மாளிகையைக் குறிக்கும் 'பிரைத்தோரியோன்' போன்றவை சான்றுகளாகும். நூற்றுவர் தலைவரைக் குறிக்க மத்தேயுவும் லூக்காவும் கிரேக்கச் சொல்லை ஆள, மாற்கு 'கெந்துரியோன்' என இலத்தீன் சொல்லையே ஆள்கிறார். கைம்பெண் இட்ட இரு சிறு காசுகளின் மதிப்பு உரோமை நாணயமாகிய 'குவாத்ரான்ஸ்' கொண்டு விளக்கப்படுகிறது (12:42). நூல் உரோமையில் எழுந்தது என்பாருக்கு இவை துணைநிற்கின்றன. ஆயின் இச்சொற்களுட் பெரும்பாலன படை, வரி, நாணயம் சார்ந்தவை. உரோமை ஆட்சி பரவிய இடமெங்கும் இவையும் பரவின. எனவே சிரியாவில் நூல் தோன்றியது என்னும் கருத்தை இவை மறுத்துவிடா.

நிலவியற் குறிப்புகளும் சிக்கலுடையன. தீரிலிருந்து கலிலேயக் கடலுக்கு வரும் வழி வடக்கேயுள்ள சீதோனைத் தொட்டுச் செல்கிறது (7:31). கடற்கரையில் நிகழ்ந்ததாகக் கூறப்படும் நிகழ்ச்சி, கடலினின்று 50 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள கெரசா நகரத்தாரின் பகுதியோடு சார்த்தப்படுகிறது (5:1). எருசலேமில் வளர்ந்தவர் இவ்வாறு எழுதுவாரா என்பது ஒருசாரார் வினா. நிலப்படம் இல்லாத காலத்தில் எருசலேமியர் ஒருவர் வடநாட்டு வழிகளை நன்கறிந்திருத்தல் வேண்டுமென்பதில்லை என்பது மற்றொரு சாரார் விடை. இருதரப்பும் ஒப்ப நிற்றலின் அகச்சான்று மரபை உறுதிப்படுத்தவுமில்லை, அழித்துவிடவுமில்லை.

காலமும் சூழலும்

கி.பி. 66-இல் யூதர் உரோமைக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தனர். 70-இல் தித்துவின் படைகள் எருசலேமைக் கைப்பற்ற, கோவில் தீக்கிரையாயிற்று. மாற்கு 13-ஆம் அதிகாரம் கோவிலின் அழிவை முன்னுரைக்கிறது. நடுங்கவைக்கும் தீட்டு நிற்கத்தகாத இடத்தில் நிற்பதைப் பற்றிக் கூறுமிடத்தில், படிப்பவர் புரிந்துகொள்ளட்டும் என்று ஆசிரியர் குறுக்கிட்டுப் பேசுகிறார் (13:14). நூல் முழுவதும் மறைந்து நின்றவர் படிப்பவரை நேரே நோக்கும் அரிய இடம் இது. தீயைப் பற்றிய குறிப்பு இன்மையால் 70-க்குச் சற்று முன் என்றும், அழிவின் தெளிவால் சற்றுப் பின் என்றும் அறிஞர் இருவேறாகக் கணிப்பர். 65-க்கும் 75-க்கும் இடைப்பட்ட காலம் என்பதில் பெரும்பாலோர் உடன்படுவர்.

காலத்தை முன்னோக்கித் தள்ளும் முயற்சிகள் அவ்வப்போது எழுவதுண்டு. முதல் நூற்றாண்டு மாற்கு ஏட்டுத்துண்டு ஒன்று கிடைத்துள்ளதாக 2012 முதல் பேசப்பட்டது. 2018-இல் ஒக்சிரிங்கு பாப்பிரசுத் தொகுதியில் அது பதிப்பிக்கப்பட்டபோது, இரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதி அல்லது மூன்றாம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்தது எனப் பதிப்பாசிரியர் கணித்தனர். ஏடு வெளிவருமுன் எழும் செய்திகளை நம்பி முடிவு கூறலாகாது என்பதற்கு இது சான்றாகும்.

உரோமையைச் சார்ந்த மற்றொரு நிகழ்ச்சியும் கருதத்தக்கது. 64-இல் உரோமை எரிந்தபின் நீரோ கிறித்தவர் மீது பழி சுமத்தினான். முதலில் பிடிபட்டோர் தந்த தகவல்களைக் கொண்டு பெருந்தொகையினர் தண்டிக்கப்பட்டனர் எனத் தாசித்து எழுதுகிறார். உடன்பிறந்தார் உடன்பிறந்தாரைச் சாவுக்குக் கையளிப்பர் என்னும் மாற்கின் எச்சரிக்கை (13:12) இச்சூழலில் மிகுந்த பொருளுடையதாகிறது. ஆயின் தொழுகைக்கூடங்களில் அடிக்கப்படுதல் பற்றிய குறிப்பு (13:9) கீழைநாட்டுச் சூழலுக்கே பெரிதும் பொருந்தும். இடம் எதுவாயினும், அச்சமும் காட்டிக்கொடுத்தலும் நிறைந்த காலத்தில் வாழ்ந்த ஒரு சமூகம் இந்நூலின் பின்னணியில் உள்ளது எனலாம்.

நோக்கம் பற்றிய கொள்கைகள்

வில்லியம் விரேடே 1901-இல் வெளியிட்ட ஆய்வு, மாற்கை எளிய வரலாற்றுக் குறிப்பாகக் கொள்ளும் போக்கிற்கு முற்றுப்புள்ளி வைத்தது. பேய்களும் குணம்பெற்றோரும் சீடரும் இயேசு யாரென வெளிப்படுத்தாதவாறு மீண்டும் மீண்டும் தடுக்கப்படுவதை (1:34, 5:43, 8:30) அவர் இறையியற் கருத்தின் வெளிப்பாடாகக் கண்டார். 1956-இல் வில்லி மார்க்சன், மாற்கைத் தொகுப்பாளர் என்னும் நிலையினின்று உயர்த்தி நோக்கமுடைய ஆசிரியராக நிறுவினார். கலிலேயாவில் இயேசுவின் மறுவருகையை எதிர்நோக்கிய சமூகத்திற்கென நூல் எழுந்தது என்றார். 1971-இல் தியோடர் வீடன், சீடரை அறிவிலிகளாகச் சித்திரிப்பதன்வழி, அற்புதங்களை மட்டுமே போற்றிய தலைவர்களை ஆசிரியர் தாக்குகிறார் என வாதிட்டார்.

இவற்றுள் மார்க்சனின் கருத்துக்கு, அந்நாளையும் வேளையையும் தந்தையன்றி எவரும் அறியார் என்னும் பகுதி (13:32) தடையாகிறது. வீடனின் கருத்துக்கோ சீடருக்கு அளிக்கப்படும் வாக்குறுதி தடையாகிறது. சிதறிப்போவீர்கள் என்றவரே உங்களுக்கு முன் கலிலேயாவுக்குப் போவேன் என்றும் உரைக்கிறார் (14:27-28). கல்லறையில் பெண்களிடம் பேசும் இளைஞர் பேதுருவின் பெயரைத் தனித்துக் குறிக்கிறார் (16:7). பகைவரை வீழ்த்துவதே நோக்கமாயின் இவ்விரு இடங்களுக்கும் நூலில் இடமில்லை.

நூலமைப்பு உணர்த்தும் பயன்

பாயிரம் உரைக்காத பயனை நூலமைப்பு உரைக்கிறது. இயேசு தம் பாடுகளை மும்முறை முன்னறிவிக்கிறார் (8:31, 9:31, 10:33-34). ஒவ்வொரு முறையும் சீடர் பிறழ உணர்கின்றனர். முதல்முறை பேதுரு கடிந்துகொள்கிறார்; இரண்டாம்முறை யார் பெரியவர் என வாதிடுகின்றனர்; மூன்றாம்முறை யாக்கோபும் யோவானும் உயர்ந்த இருக்கைகளைக் கேட்கின்றனர். ஒவ்வொன்றையும் அடுத்துச் சிலுவை, பணிவு, தொண்டு ஆகியவை போதிக்கப்படுகின்றன. இப்பகுதி முழுவதும் பார்வையற்ற இருவர் குணம்பெறும் நிகழ்ச்சிகளுக்கு (8:22-26, 10:46-52) இடையே வைக்கப்பட்டுள்ளது. முதலாமவர் ஒரே முறையில் தெளிவாகக் காண்பதில்லை. மனிதர் மரங்களைப் போல் நடப்பதாகக் கூறியபின் இரண்டாம் முறையே முழுப்பார்வை பெறுகிறார். சீடரின் நிலையும் இதுவே. அரைகுறையாகக் காண்போர் கைவிடப்படுவதில்லை என்பதை ஆசிரியர் நிகழ்ச்சிகளின் வைப்புமுறையாலேயே உணர்த்துகிறார்.

ஒரு நிகழ்ச்சியின் நடுவே மற்றொன்றைச் செருகுதல் மாற்கின் தனி உத்தியாகும். இதன் உச்சம் 14-ஆம் அதிகாரத்தில் அமைகிறது. தலைமைக் குருவின் மாளிகைக்குள் இயேசு தாம் யாரென ஒப்புக்கொண்டு சாவுக்குரியவராகிறார். அதே வேளையில் கீழே முற்றத்தில் பேதுரு மும்முறை மறுத்து உயிர் தப்புகிறார். நீதியிருக்கைகளின்முன் நிறுத்தப்பட்ட ஒரு சமூகம் இக்காட்சியைக் கேட்டிருப்பின், அது பழங்கதையாக ஒலித்திராது. அறிக்கையிட்டு மாண்டோரும் மறுத்துவிட்டு வாழ்வோரும் அச்சமூகத்தில் அருகருகே அமர்ந்திருக்கக்கூடும். பின்னாளில், ஏறத்தாழ 112-இல், பித்தினியாவின் ஆளுநர் பிளினி கிறித்தவரை மும்முறை வினவித் தீர்ப்பளித்ததாகப் பேரரசன் திராயானுக்கு எழுதியுள்ளான். அத்தகைய விசாரணைகள் ஒருவரை எந்நிலைக்கு ஆளாக்கும் என்பதை அக்கடிதம் காட்டுகிறது.

இன்னொரு நோக்கும் புறந்தள்ளத்தக்கதன்று. 'நற்செய்தி' என மொழிபெயர்க்கப்படும் கிரேக்கச் சொல் அரசியல் வழக்கிலும் இருந்தது. கி.மு. 9-ஆம் ஆண்டைச் சார்ந்த பிரியேன் கல்வெட்டு, அகுஸ்து பேரரசனின் பிறப்பை நற்செய்திகளின் தொடக்கமாகக் கொண்டாடுகிறது. 69-இல் வெஸ்பாசியான் பேரரசனானான். யூதேயாவிலிருந்து உலகை ஆள்பவர் எழுவர் என்னும் முன்னுரையை யோசேப்பு அவனுக்கே உரியதாக்கினார். மறுபுறம் எருசலேமில் படைத்தலைவர் சிலர் அரசுரிமை கோரினர். இவ்விருவகை அரசுகளுக்கும் இடையே, சிலுவையில் மடிந்தவரை நோக்கி உரோமை நூற்றுவர் தலைவரே இறைமகன் என அறிக்கையிடுவதாக (15:39) மாற்கு காட்டுகிறார். போலி மெசியாக்களைப் பின்பற்ற வேண்டா என்னும் எச்சரிக்கையும் (13:21-22) இதனோடு இயைபுடையது.

முடிவின் சிக்கல்

நான்காம் நூற்றாண்டைச் சார்ந்த சினாய், வத்திக்கான் ஆகிய பழஞ்சுவடிகளில் நூல் 16:8-இல் முடிகிறது. பெண்கள் அஞ்சி எவரிடமும் ஒன்றும் கூறவில்லை என்பதே இறுதிச் செய்தி. இன்று 16:9-20 எனக் காணப்படும் பன்னிரண்டு வசனங்களின் நடையும் சொல்லாட்சியும் வேறுபடுகின்றன. இரேனேயஸ் இப்பகுதியை எடுத்தாளுவதால் இரண்டாம் நூற்றாண்டிலேயே இது சேர்க்கப்பட்டிருத்தல் வேண்டும். 1516-இல் எராஸ்மு வெளியிட்ட அச்சுப் பதிப்பு இதனை உட்கொண்டது. அம்மரபு சார்ந்த கிரேக்கப் பாடமே 1714-15-இல் தரங்கம்பாடியில் அச்சேறிய சீகன்பால்குவின் தமிழ்ப் புதிய ஏற்பாட்டுக்கும் அடிப்படையாயிற்று.

இறுதி ஏடு தொலைந்தது என்பாரும் உளர். ஆயின் நூலின் போக்கோடு வைத்து நோக்கின் இம்முடிவு இயைபுடையதே. சீடர் ஓடிவிட்டனர், பேதுரு மறுத்துவிட்டார், இறுதிவரை நின்ற பெண்களும் அஞ்சி ஓடினர். மனிதர் அனைவரும் தவறிய பின்னரும் செய்தி பரவியுள்ளது என்பதற்குக் கேட்போர் கையிலுள்ள நூலே சான்று. தவறுதல் இறுதியன்று என்பதை இதனினும் திறம்பட உணர்த்துதல் அரிது. பிற்காலத்தார் சேர்த்த முடிவு இம்மௌனத்தைத் தாங்க இயலாமையின் விளைவாகும்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன. மாற்கு என்னும் பெயருடைய ஒருவர் இந்நூலை எழுதினார் என்பது ஏற்கத்தக்கது. அவர் எருசலேம் யோவான் மாற்கே என்பதும் பேதுருவின் மொழிபெயர்ப்பாளர் என்பதும் இயலக்கூடியன, மெய்ப்பிக்கப்பட்டன அல்ல. 65-க்கும் 75-க்கும் இடையே, துன்பத்திலும் அச்சத்திலும் இருந்த சமூகத்திற்கென நூல் எழுந்தது. சிலுவையின்வழியே இயேசுவை அறிய வேண்டும் என்பதும், தவறியோர் மீண்டும் பின்பற்ற அழைக்கப்படுகின்றனர் என்பதும் அதன் நோக்கமாகும்.

இந்நோக்கம் ஆசிரியர் பற்றிய தீர்ப்பைச் சார்ந்து நிற்பதன்று. மரபு மெய்யாயின், தம் மறுதலிப்பைத் தாமே எடுத்துரைத்த பேதுருவின் குரல் இந்நூலில் ஒலிக்கிறது. மெய்யன்றாயின், தன் தலைவரின் வீழ்ச்சியை மறைக்காது போற்றிய சமூகத்தின் நினைவு ஒலிக்கிறது. இரண்டிடத்தும் மாற்கின் பொருள் ஒன்றே. இரண்டாம் நூற்றாண்டினர் பேதுருவின் பெயரால் நூலின் நம்பகத்தன்மையைக் காக்க முயன்றனர். நூலோ பேதுருவின் பெருமையை அன்று, அவர் அழுத கண்ணீரையே (14:72) தன் கேட்போருக்கு உரியதாக்கியது. ஆசிரியர் ஆய்வும் நோக்க ஆய்வும் வேறு வேறு எனப் பிரித்தறிதல், பெயரறியாப் பழநூல்கள் அனைத்தையும் ஆராய்வோர்க்கும் பயன்தரும் நெறியாகும்.